எண்களுக்குப் பெயர் வைப்பது யார்? எஞ்சின் கணினியின் வரையறைக் கோப்புகள் குறித்து

சென்னையில் கிளம்பிய டீசல் கார் ஒன்று வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, காவலூர் வான்காணகத்தின் வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். கிளம்பும்போது 1010 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருந்த காற்றழுத்தம் இங்கே 930-க்குப் பக்கத்தில் இருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் உறைக்காது. எஞ்சினின் கணினிக்கு உறைக்கும். காற்றழுத்த உணரி சொல்வதை வாங்கி, ஓர் அட்டவணையைப் பார்த்து, டீசலின் அளவையும் டர்போவின் வேகத்தையும் அது அடக்கிக்கொள்கிறது. வானியலாளர்கள் இந்த மலைக்கு வந்தது இருட்டைத் தேடி. நமக்கு இங்கே வேண்டியது அதன் மெல்லிய காற்று மட்டும்தான்.

அந்த அட்டவணை கணினியின் நினைவகத்தில் வெறும் எண்களாகக் கிடக்கிறது. தலைப்பு கிடையாது, அலகு கிடையாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பும் பெரும்பாலும் கிடையாது. பத்து லட்சம் பைட்டுகளுக்கு நடுவே 'இதுதான் தீப்பொறி நேரம், இது உயரத் திருத்தம், இதன் அலகு இன்னது' என்று சொல்லும் குறிப்பேடுதான் வரையறைக் கோப்பு. பட்டறைப் பேச்சில் அது டெஃபனிஷன், அல்லது மேப் பேக். ட்யூனிங் செய்பவர் மூலக் கோப்பின்மேல் இதை விரித்த பிறகுதான் எண்கள் அவருக்கு மேப்புகளாகத் தெரியத் தொடங்குகின்றன. இந்தக் குறிப்பேட்டை எழுதுவது எப்படி? எழுதியது சரி என்று எதை வைத்துச் சொல்வது? சிப்பைக் கழற்றி மாற்றிய காலம் தொட்டு இந்தக் கேள்விக்குப் பல விடைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் கேள்வியின் ஒரு பகுதிக்கே விடை சொல்கிறது. முழுக் கேள்வியையும் தீர்த்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்போதுதான் தொல்லை வருகிறது.

## இரண்டு பைட்டும் ஒரு பைட்டும்

பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. அதுவரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த எடைகளும் ஸ்பிரிங்குகளும் பார்த்துவந்த வேலை அதன் பிறகு ஓர் அட்டவணைக்கு மாறியது. ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறுபக்கம் சுமை; இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இத்தனை டிகிரி முன்னதாகத் தீப்பொறி விழ வேண்டும் என்று ஓர் எண். அட்டவணையில் இல்லாத வேகத்துக்கு, அக்கம்பக்கக் கட்டங்களிலிருந்து கணினி இடைக்கணித்துக்கொள்ளும்.

வரையறைக் கோப்பு ஒவ்வோர் அட்டவணைக்கும் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: தொடங்கும் முகவரி, வரிசை, பத்தி, ஓர் எண்ணுக்கு எத்தனை பைட், எந்தப் பைட் முதலில், குறைக்குறி உண்டா, எதனால் பெருக்குவது, எதைக் கூட்டுவது, இரண்டு அச்சுகளும் எங்கே. ஆனால் இவற்றில் ஒன்று பிசகினாலும் மற்றவை சரியாக இருந்து பயனில்லை.

பாஷின் எம்இ7 குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் 1.8 டர்போ பெட்ரோல் எஞ்சினை ஆண்டது இந்தக் கணினிதான். இதில் இரண்டு பைட்டில் எழுதிய வேகத்தைக் கால் சுற்றுக்கு ஒன்றாக எண்ணுவார்கள். கோப்பில் 224, 46 என்று இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்து இருந்தால், பின்னதை 256-ஆல் பெருக்கி முன்னதைக் கூட்ட 12,000 வரும். காலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 3,000 சுற்று. வரிசையை மாற்றிப் படித்தால் 14,347 சுற்று. தெருவில் ஓடும் எந்தக் காரும் அந்த வேகத்தைத் தொடாது என்பதால் இந்தப் பிழை தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். தீப்பொறி நேரம் ஒரே பைட். முக்கால் டிகிரிக்கு ஒன்று. 28 என்றால் 21 டிகிரி. 248 என்றால்? குறைக்குறியோடு படித்தால் மைனஸ் 6 டிகிரி. குறைக்குறி உண்டு என்பதை மறந்தால் 186 டிகிரி. இதுவும் கண்ணுக்குப் பட்டுவிடும் பிழைதான். ஆனால் பெருக்கெண் முக்காலுக்குப் பதில் ஒன்று என்று எழுதியிருந்தால் 21 டிகிரி 28-ஆகத் தெரியும். 28 டிகிரி நம்பக்கூடிய எண். இத்துறையில் ஆளைக் கவிழ்ப்பவை இப்படி நம்பும்படியாக இருக்கும் தவறுகளே.

## தயாரிப்பாளரின் ஏடு

முதல் விடை நேரானது: எழுதியவரையே கேள். கார் நிறுவனத்திலோ பாஷ் போன்ற கணினி நிறுவனத்திலோ மென்பொருள் உருவாகும்போதே ஒவ்வோர் எண்ணுக்கும் பெயர், முகவரி, அலகு, எல்லை எல்லாம் கொண்ட விவரக் கோப்பும் உருவாகிவிடும். பாஷின் பழைய வடிவத்துக்கு டாமோஸ் என்று பெயர். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வடிவம் வைத்துக்கொண்டு திணறியதால், ஜெர்மன் கார் நிறுவனங்கள் 1991-இல் அசாப் என்ற பணிக்குழுவை அமைத்தன. அதன் வேலை 1998-இல் தொடங்கிய அசாம் அமைப்பின் கைக்கு வந்தது. இன்றைக்குப் பொது வடிவமாக இருக்கும் ஏ2எல் கோப்பு இந்த வழியில் வந்தது. இட்டாஸின் இன்கா, வெக்டரின் கேனேப் போன்ற மென்பொருள்கள் இதைத்தான் படிக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியச் சமாசாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு அருகே மகிந்திரா ரிசர்ச் வேலி இருக்கிறது. கோயம்புத்தூரில் பாஷின் மென்பொருள் நிலையம் இருக்கிறது. எஞ்சினையும் அதன் மென்பொருளையும் உருவாக்கும் துறையில் இருப்பவர்களுக்கு ஏ2எல் மேசைமேல் கிடக்கும் ஸ்பேனர் போல. வெளியே பட்டறை வைத்திருப்பவருக்கு அது எட்டாத பொருள். ஒரே மாநிலத்தில் ஒரே எண்களை, ஒருவர் பெயரோடும் மற்றவர் பெயரில்லாமலும் பார்க்கிறார்.

ஏடு கையில் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? கசிந்த கோப்புகளை நம்புகிறவர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அதில் மூன்று ஓட்டைகள். ஏ2எல் ஒரு மென்பொருள் பதிப்புக்கு மட்டுமே உரியது. ஒரே கார், ஒரே பாக எண், அடுத்த பதிப்பு என்றால் முகவரிகள் நகர்ந்திருக்கும். இரண்டாவது, பெயர்களே பாதிப் புதிர். எம்இ7-இல் தீப்பொறி நேர அட்டவணையின் பெயர் கேஎஃப்இசட்டபிள்யூ. ஜெர்மன் மொழியில் கென்ஃபெல்ட் என்றால் இருபரிமாண அட்டவணை, ட்சுண்ட்விங்கல் என்றால் தீப்பொறிக் கோணம் என்று தெரிந்தவருக்கே அது திறக்கும். மூன்றாவதுதான் பெரிது: ஏ2எல் ஓர் எண் 'என்ன' என்று சொல்லும், எந்த நிலையில் அது செல்லுபடியாகும், வேறு எது அதை மறுக்கும் என்பதற்கு ஃபுங்க்ஷன்ஸ்ராமன் என்ற ஆயிரக்கணக்கான பக்க விளக்க ஆவணம் வேண்டும். அது இல்லாத ஏ2எல், பொருள்விளக்கம் தராத சொற்பட்டியல்.

## கண்ணால் தேடுவோர்

ஏடு இல்லாதவர்கள் உருவத்தை நம்பினார்கள். எஞ்சின் அட்டவணைகள் இயற்கையை ஒட்டியவை. அடுத்தடுத்த கட்டங்கள் மெல்ல மெல்ல மாறும். நிரல் அப்படி மாறாது. கோப்பை முழுக்க வரைகோடாக விரித்தால் நிரல் இருக்கும் இடம் முள்காடு போலவும், அட்டவணை இருக்கும் இடம் சீரான மலைத்தொடர் போலவும் தெரியும். ஜெர்மனியின் ஈவிசி நிறுவனத்தின் வின்ஓஎல்எஸ் இந்தப் பார்வையைத் தொழிலாக்கியது. பத்தி எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கலங்கல் தெளிந்து ஒழுங்கான சரிவு எழுந்து நிற்கும். அனுபவசாலிகளின் கண் இதில் வியக்கத்தக்க வேகம் உடையது.

சில கணினிகள் தாமே துப்பு தருகின்றன. ஃபோக்ஸ்வாகன் குழும டீசல்களில் வந்த இடிசி15-இல், அட்டவணைக்கு முன்னால் அச்சின் அடையாள எண்ணும் அதன் நீளமும் எழுதப்பட்டிருக்கும். விஏஜி இடிசி சூட் என்ற திறமூல மென்பொருள் இந்த அடையாளங்களைப் பிடித்து அட்டவணைகளைத் தானாகவே பட்டியலிட்டது. ஸாபின் ட்ரையோனிக் 7 இன்னும் தாராளம்: பெயர்ப் பட்டியலையே கோப்புக்குள் சுருக்கி வைத்திருந்தது. பொறியாளர்கள் தம் வசதிக்குச் செய்த ஏற்பாடு வெளியாருக்கு வரமாக முடிந்தது.

இந்த வழியின் பலவீனம், உருவத்தை வைத்துப் பொருளைச் சொல்வது. டர்போவின் இலக்கு அழுத்தமும் அதன் மேல்வரம்பும் ஒரே அளவு, ஒரே அலகு, ஏறத்தாழ ஒரே சரிவு; எது எது என்று உருவம் சொல்லாது. இடிசி15 கோப்புகள் பலவற்றில் ஒரே அட்டவணை இரண்டு மூன்று இடங்களில் இருக்கும்: கையால் கியர் மாற்றும் வண்டிக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று, நாற்சக்கர இயக்கத்துக்கு ஒன்று. தப்பான தொகுதியைத் திருத்தியவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். வண்டி மட்டும் மாறவே மாறாது.

## நிரலைப் பிரித்துப் படிப்போர்

மூன்றாவது முகாமின் வாதம் வலுவானது. ஓர் எண்ணின் பொருள் அதைப் பயன்படுத்தும் நிரலில்தான் இருக்கிறது. ஆகவே நிரலைப் படி. எம்இ7-இல் இருக்கும் சீமென்ஸ் சி167, இடிசி17-இல் இருக்கும் இன்ஃபினியனின் ட்ரைகோர் ஆகியவற்றின் கட்டளைகளை ஐடா ப்ரோ போன்ற கருவிகள் பிரித்துக் காட்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் கீட்ராவை இலவசமாக வெளியிட்ட பிறகு பணத்தடை பெரும்பாலும் நீங்கியது. அட்டவணையைப் படிக்கும் பொதுத் துணைநிரல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அதை அழைக்கும் ஒவ்வோர் இடமும் ஓர் அட்டவணையின் முகவரியைத் தந்துவிடும். பிறகு எந்த உணரியின் மதிப்பு அச்சாக உள்ளே போகிறது என்று தொடர்ந்து போகலாம்.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று ட்யூனிங் உலகத்துக்கு வெளியே கிடைத்தது. ஃபோக்ஸ்வாகனின் புகை மோசடியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2015 செப்டம்பரில் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஹாம்பர்க் மாநாடு ஒன்றில் ஃபெலிக்ஸ் டோம்கே தன் சொந்தக் காரின் இடிசி17 நிரலைப் பிரித்து, மோசடி எந்த நிபந்தனையில் ஒளிந்திருக்கிறது என்று காட்டினார். 2017-இல் மோரிட்ஸ் கொன்டாக் குழுவினரின் ஆய்வு 926 மென்பொருள் கோப்புகளைத் தானியங்கியாக அலசி, 406-இல் ஏமாற்று வழிக்கான அறிகுறி இருப்பதாகச் சொன்னது. சோதனைக்கூட ஓட்டத்தின் நேரத்தையும் தூரத்தையும் ஒட்டிய வளைகோடுகள் கோப்புக்குள்ளேயே இருந்தன. தயாரிப்பாளரின் ஆவணங்களில் அவற்றுக்குப் பெயரும் இருந்தது. அந்த அம்சத்தை 'ஒலியியல்' சம்பந்தப்பட்டதாகப் பெயரிட்டிருந்தார்கள். தயாரிப்பாளரின் பெயர்ப் பட்டியல் உண்மைதான் சொல்லும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது. இந்தியாவிலும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏராயின் சோதனைக்குப் பிறகு 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதிக்க, மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கைக்குத் தடை போட்டது.

குறை என்றால் காலமும் ஆளும். ஒரு கோப்பை இப்படிப் படிக்க வாரங்கள் ஆகும். பட்டறை வாடிக்கையாளர் மாலைக்குள் வண்டி கேட்பார். ஆகவே ஒருவர் உழைத்துப் படித்ததை மற்றவர்கள் ஒத்த பதிப்புகளுக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற்றும்போது பிழையும் சேர்ந்தே பயணிக்கிறது.

## ஓட்டிப் பார்ப்போரும், ஏறாத மலையும்

நான்காவது கட்சி தத்துவம் பேசாது. எண்ணை மாற்று, டைனோ என்ற ஓட்டச் சோதனை மேடையில் வண்டியை ஏற்று, பதிவைப் பார். மாறினால் அட்டவணை அதுதான். இது நேர்மையான சோதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனை எந்தக் கட்டங்களைத் தொட்டதோ அவற்றுக்கு மட்டுமே சான்று.

ஜவ்வாது மலை இங்கேதான் பயன்படுகிறது. இடிசி15 கோப்புகளில் டார்க் (முறுக்குவிசை) வரம்பு அட்டவணையின் ஓர் அச்சு எஞ்சின் வேகம். மற்றது வெளிக் காற்றழுத்தம். கணக்குக்காக அழுத்த அச்சில் 700, 850, 1000 என்று மூன்று பத்திகள் இருப்பதாகக் கொள்வோம். சென்னை டைனோவில் அழுத்தம் 1010; கணினி கடைசிப் பத்தியை மட்டும் படிக்கும். மற்ற இரண்டு பத்திகளில் என்ன எழுதினாலும் பதிவில் அசைவு இருக்காது. 'இவை பயனற்றவை' என்றோ 'இந்த அச்சு என்னவென்று தெரியவில்லை' என்றோ கோப்பு எழுதுபவர் முடிவு கட்டக்கூடும். சுமார் 410 மீட்டர் உயரமுள்ள கோயம்புத்தூரில் அழுத்தம் 965 அளவில் இருக்கும். கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நடுப்பத்தி உள்ளே வரும். பெங்களூரு 920 மீட்டர். அங்கே நடுப்பத்திதான் பெரும்பங்கு. காவலூரில் 930 என்றால் இறுதி மதிப்பில் 53 சதவீதம் கடைசிப் பத்தி, 47 சதவீதம் நடுப்பத்தி. ஒரே கோப்பு, நான்கு ஊர், நான்கு வெவ்வேறு சான்று.

விளைவு சின்னதல்ல. டர்போ தரும் அழுத்தம் 2200 என்று வைத்தால், சென்னையில் அது வெளிக்காற்றைப் போல் 2.18 மடங்கு, காவலூரில் 2.37 மடங்கு. அதே அழுத்தத்தைத் தர டர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். தயாரிப்பாளர் நடுப்பத்தியைத் தாழ்த்தி வைத்தது இதற்காகத்தான். எல்லாப் பத்திகளையும் ஒன்றாக உயர்த்திய ரீமேப் சமவெளியில் சிக்கலின்றி ஓடும். சாமையும் புளியும் இறக்கிவிட்டு, சிமென்ட் மூட்டையோடு ஜமுனாமரத்தூர் ஏறும் பிக்அப்பில் அதே வகைப் பிழை இருந்தால், அது பதிவில் தெரியாது, டர்போவின் பேரிங்கில் தெரியும். கடைசிப் பத்தியை மட்டும் உயர்த்தியவருக்கு வேறு புகார் வரும்: மலையில் வண்டி இழுக்கவில்லை என்று. இரண்டுமே வரையறையின் பிழை, திருத்தத்தின் பிழையாக வேடம் போடுகிறது.

## ஒதுங்கிப் போவோர்

புதிரையே தவிர்த்துவிடலாம் என்பது ஐந்தாவது நிலை. 2001-இல் வெளிவந்த மெகாஸ்கர்ட் முதல் இன்றைய ஸ்பீடுயினோ வரை, அட்டவணைகளெல்லாம் பெயரோடு திறந்துகிடக்கும் கணினியைப் பொருத்திக்கொள்வது. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் பந்தயம் ஓடுபவருக்கு இது நியாயமான வழி. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிகளுக்கு உட்பட்டுச் சாலையில் ஓட வேண்டிய காருக்குப் பொருந்தாது.

## சட்டத்தின் இரண்டு 52

தற்செயலாக இரண்டு சட்டங்களின் 52-ஆம் பிரிவும் இங்கே மோதுகின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 1999 திருத்தத்துக்குப் பின், ஒரு நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அதைக் கவனித்து ஆராய்ந்து சோதிப்பதையும், வேறு நிரலோடு ஒத்தியங்கத் தேவையான தகவலை எடுப்பதையும் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. சொந்தமாக எழுதிய வரையறைக் கோப்புக்கு இது சாதகமாகத் தோன்றுகிறது. கசிந்த ஏ2எல் விஷயம் வேறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அவ்வாண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ, திருத்தம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. ஆனால் 'திருத்தம்' என்றால் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று 52-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. நினைவகத்தில் நாற்பது எண்களை மாற்றுவது கட்டமைப்பு மாற்றமா? இரு தரப்பும் வாதாட இடமிருக்கிறது. புகை விதிகளை மீறும் திருத்தத்துக்கு இந்த வாதம் கைகொடுக்காது என்பது மட்டும் ஓரளவு தெளிவு.

## முடியாதவை

தொழில்நுட்பம் ஒரு பக்கம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. புதிய கணினிகள் மின்கையொப்பம் சரிபார்க்காமல் மாற்றிய கோப்பை ஏற்பதில்லை, ஐ.நா.வின் 156-ஆம் விதி மென்பொருளுக்கே அடையாள எண் கேட்கிறது. மறுபக்கம், இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் இருந்தன. பழுதுபார்ப்புத் தகவல் என்பதில் அட்டவணைகளின் பெயரும் அடங்குமா, பழுதுக் குறியீடுகளோடு நின்றுவிடுமா என்பது தீரவில்லை. அடங்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு; வரையறை தெரிந்தவர்தான் புகைவடிகட்டியையும் அணைக்க முடியும். இதே வரையறை இல்லாமல் ஏமாற்று வழி நிரலில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுவது கடினமாகியிருக்கும் என்பதும் உண்மை.

இன்னொன்று யாரும் அதிகம் பேசாதது. முகவரி, வடிவம், அலகு, பங்கு, விளைவு என ஐந்து தனித்தனிக் கூற்றுகளை வரையறைக் கோப்பு ஒரே வரியில் எழுதிவிடுகிறது. உருவம் பார்த்தவர் முதல் இரண்டுக்கும், நிரல் படித்தவர் நான்காவதுக்கும், டைனோ ஏற்றியவர் தம் ஊர்க் காற்றில் ஐந்தாவதுக்கும் பொறுப்பேற்கலாம். யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதப் பரவலான வடிவங்கள் எதிலும் தனி இடம் இல்லை. ட்யூனர்ப்ரோ மென்பொருளின் எக்ஸ்டிஎஃப் வரையறைக் கோப்பில் விளக்கத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மலைக் காற்றில் என்ன நடக்கிறது என்று பார்ப்பாரும் குறைவு. வழக்கமான பி.யு.சி. சோதனை டீசலில் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதில்லை. சாலையில் ஓட்டி அளக்கும் ஐரோப்பிய விதியோ 700 மீட்டர் வரை இயல்பு நிலை என்றும், அதற்குமேல் 1300 மீட்டர் வரை நீட்டித்த நிலை என்றும் பிரித்து, நீட்டித்த நிலையில் அளந்த மாசை 1.6-ஆல் வகுத்துக்கொள்ள இடம் தருகிறது. அந்த 700 மீட்டர் கோட்டை இங்கே இழுத்தால், காவலூர் வான்காணகம் அதற்கு 25 மீட்டர் மேலே இருக்கிறது.